சுட்டதா, கற்றதா? – மேல்நாட்டு விஞ்ஞானப் படங்களும் நம்ம தமிழ்ப் படங்களும்



தமிழில் ஒரு விஞ்ஞானப் படம் வந்துவிட்டால் போதும், நம்ம ஹாஸ்டலில் முதலில் எழும் கேள்வி, "ஏலே, இது எந்த இங்கிலீஷ் படத்துல சுட்டது?" என்பதுதான். கேள்வி நியாயமானதே. ஆனால் அதோடு நிறுத்திவிடுகிறோம். எதை எடுத்தார்கள், எடுத்ததை என்ன செய்தார்கள் என்று பார்ப்பதில்லை. நாமோ டிப்ளமோ படிக்கிறவர்கள். ஒரு மெஷினைக் கழற்றினால் எந்தப் பாகம் எதோடு சேருகிறது என்று பார்க்கப் பழகியவர்கள். அதே கண்ணோடு சில படங்களைக் கழற்றிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஜப்பான் காட்டும் வழி

'அனிமே' எனப்படும் ஜப்பானிய கார்ட்டூன் படங்கள் இன்று உலகம் முழுக்க ஓடுகின்றன. அவற்றுக்கு வழி போட்டவர்களில் முதன்மையானவர் ஒசாமு தெசுகா. வால்ட் டிஸ்னி படங்கள் என்றால் அவருக்கு உயிர். 1949-ல் 'மெட்ரோபோலிஸ்' என்ற சித்திரக்கதையை வரைந்தார். அதே பெயரில் 1927-ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த படம் உண்டு. தெசுகா அந்தப் படத்தை அப்போது பார்த்திருக்கவில்லை. அதிலிருந்து ஒரு புகைப்படத்தை மட்டும் பத்திரிகையில் பார்த்திருந்தார். அதிலிருந்து கதையைத் தாமே கட்டிக்கொண்டார். 1963 ஜனவரி 1-ம் தேதி அவருடைய 'ஆஸ்ட்ரோ பாய்' டி.வி.யில் தொடங்கியது. மகனைப் பறிகொடுத்த விஞ்ஞானி, மகன் சாயலில் செய்த ரோபோ சிறுவனின் கதை அது.

அடுத்து 1979-ல் வந்த 'கன்டாம்'. அமெரிக்க எழுத்தாளர் ஹெயின்லைன் 1959-ல் எழுதிய நாவலில் போர்வீரர்கள் இயந்திரக் கவசம் போட்டுக்கொண்டு சண்டை போடுவார்கள். ஜப்பானியர்கள் அந்தக் கவசத்தை மாடி உயரத்துக்கு வளர்த்து, உள்ளே ஒரு சின்னப் பையனை உட்கார வைத்தார்கள். யுத்தம் அந்தப் பையனை என்ன பாடு படுத்துகிறது என்பதைக் கதையாக்கினார்கள். கவசம் அமெரிக்காவினுடையது, அந்த வேதனை, தோற்று நொந்த ஜப்பானுடையது.

வாங்கியவர்கள் திருப்பியும் கொடுத்தார்கள். 1995-ல் வந்த 'கோஸ்ட் இன் தி ஷெல்' அனிமேதான் 1999-ல் வந்த 'மேட்ரிக்ஸ்' படத்துக்குத் தூண்டுகோல்.

2. பறக்கும் தட்டில் வந்த சங்கீதப் பைத்தியம்

அதே 1963-ல் நம்ம பக்கம் என்ன நடந்தது? ஏ.காசிலிங்கம் டைரக்ஷனில் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த 'கலை அரசி' வெளியானது. யூரி ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே வருஷம். அமெரிக்காவில் 1950-களில் பறக்கும் தட்டுப் படங்கள் குவிந்திருந்தன. அவற்றில் வேற்றுக்கிரகத்தான் வந்தால் ஒன்று பூமியைப் பிடிக்க வருவான், இல்லையென்றால் அணுகுண்டைப் பற்றி எச்சரிக்க வருவான்.

நம்ம படத்திலும் வாகனம் அந்த வகைதான். ஆனால் வந்தவனுக்கு என்ன வேண்டும் தெரியுமா? பாட்டு! விஞ்ஞானத்தில் உச்சத்துக்குப் போன அந்தக் கிரகத்தில் சங்கீதம் இல்லை. ஆகவே நன்றாகப் பாடும் கதாநாயகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் விஞ்ஞானம் மட்டும் வளர்ந்த இடத்தில் எதற்குப் பஞ்சம் வரும் என்று யோசித்த கதை அது. அந்த யோசனை ஹாலிவுட்டிலிருந்து வரவில்லை.

3. சிட்டி படித்த பாடம்

2010-ல் ஷங்கரின் 'எந்திரன்'. மனிதன் செய்த உருவம் மனிதனையே எதிர்ப்பது 1818-ல் மேரி ஷெல்லி எழுதிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' காலத்துச் சரக்கு. ரோபோ மனிதனுக்குத் தீங்கு செய்யலாகாது என்ற விதியை ஐசக் அசிமோவ் 1942-லேயே எழுதிவிட்டார். இவற்றைத் தமிழனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் சுஜாதா. பாரத் எலக்ட்ரானிக்ஸில் என்ஜினீயராக வேலை பார்த்தவர். 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற ரோபோ நாய்க்குட்டியை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து சேர்த்தார். எந்திரன் கதையிலும் வசனத்திலும் அவர் கை உண்டு. படம் வருமுன் 2008-ல் காலமாகிவிட்டார்.

படத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது தீ விபத்துக் காட்சி. குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி நெருப்பிலிருந்து அப்படியே தூக்கிவந்து எல்லார் முன்னாலும் விடுகிறது. உயிர் பிழைத்த பெண் வெட்கம் தாங்காமல் ஓடி, லாரியில் அடிபட்டுச் சாகிறாள். அசிமோவ் விதிப்படி சிட்டி செய்தது சரி. நம்ம ஊர்க் கணக்கில் அது பெரும் தப்பு. மானம் என்ற ஒன்றை எந்த புரோகிராமில் எழுதுவது? மேல்நாட்டு விதியை நம்ம தெருவில் வைத்துச் சோதித்துப் பார்த்த இடம் இது.

இன்னொரு சுவையான விஷயம். எந்திரன் சண்டைக்காட்சிகளை அமைத்த யுவென் வூ-பிங், மேட்ரிக்ஸுக்கும் சண்டை அமைத்தவர். மேட்ரிக்ஸுக்குத் தூண்டுகோல் அனிமே. 2012-ல் எந்திரன் ஜப்பானிலும் ஓடியது. ஆக ஒரு சுற்று முழுசாக வந்துவிட்டது!

4. ஜோசியம் பார்க்கும் டைம் மெஷின்

1985-ல் வந்த 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தில் டைம் மெஷின் ஒரு பையனை அவன் அப்பா அம்மாவின் இளமைக் காலத்துக்குக் கொண்டுபோகிறது. 2015-ல் ஆர்.ரவிக்குமாரின் 'இன்று நேற்று நாளை'யில் 2065-லிருந்து வந்த மெஷின் நம்ம ஆட்கள் கையில் கிடைக்கிறது. உடனே என்ன செய்கிறார்கள்? காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துச் சொல்லி ஜோசியத் தொழில் நடத்துகிறார்கள்! நம்ம ஊரில் அதைத்தானே செய்வார்கள்?

2021-ல் வந்த 'மாநாடு' ஒரே நாள் திரும்பத் திரும்ப நடக்கும் கதை. 1993-ல் 'கிரவுண்ட்ஹாக் டே', 2014-ல் 'எட்ஜ் ஆஃப் டுமாரோ' என்று ஹாலிவுட்டில் வந்ததுதான். அதில் பின்னது 2004-ல் வெளியான ஜப்பானிய நாவலிலிருந்து எடுத்தது. வெங்கட் பிரபு அந்தச் சக்கரத்துக்குள் ஒரு கட்சி மாநாட்டையும், முதலமைச்சரைக் கொன்று பழியை ஒரு முஸ்லிம் இளைஞன் மேல் போடும் சதியையும் வைத்தார். சக்கரம் கடன், வண்டி நம்முடையது.

எல்லாம் இப்படி ஒட்டிக்கொள்வதில்லை. 2018-ல் வந்த 'டிக் டிக் டிக்' 1998-ன் 'ஆர்மகெடான்' படத்தை நினைவுபடுத்துகிறது. கிராஃபிக்ஸில் உழைப்பு தெரிகிறது. ஆனாலும் விண்வெளிக்குப் போன பிறகு, அங்கே நடப்பது நம்ம கதைதான் என்ற எண்ணம் எனக்கு வரவில்லை.

5. நம்ம கரையில் ஒரு கதை

நான் உவரிக்காரன். எங்க ஊர்க் கப்பல் மாதா கோயில், கப்பல் வடிவத்திலேயே கட்டப்பட்டது. வழிபாடு கடல் கடந்து வந்தது. கடலை நம்பிப் பிழைக்கிற ஊர் அதைத் தன் கடலுக்கு ஏற்ற வடிவில் அமைத்துக்கொண்டது. கற்றுக்கொள்வது என்றால் எனக்கு இதுதான் உதாரணம்.

நம்ம மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிறது. எங்க கரையை ஒட்டி வடக்கே போனால் வரும் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-ல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டும். அதில் எரிபொருள் வீணாகும். குலசேகரன்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே விடலாம்.

இதுவே ஒரு விஞ்ஞானக் கதைக்குப் போதாதா? ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்றால் அன்றைய பாட்டுக்கு வழி என்ன? கட்டுமரத்தில் போன தாத்தாவின் பேரன் அந்த ஏவுதளத்தில் டெக்னீஷியனாக வேலைக்குப் போனால், வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? இந்தக் கேள்விகளை எந்த ஹாலிவுட்காரனும் வந்து கேட்கப்போவதில்லை. நாம் கேட்காவிட்டால், நம்ம கரையில் நடப்பதையே நாளை வேறொருத்தன் எழுதித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

முடிவாக

டிராயிங் ஹாலில் பக்கத்து ஷீட்டை அப்படியே டிரேஸ் எடுப்பவனுக்கு மார்க் கிடைக்கலாம். அளவு மாறினால் கை நின்றுவிடும். ஏன் அந்தக் கோடு அங்கே வந்தது என்று புரிந்துகொண்டவன் புதுசாக ஒன்றை வரைவான். அடுத்த முறை ஒரு படம் பார்க்கும்போது "எங்கிருந்து எடுத்தான்?" என்று கேளுங்கள். கூடவே "எடுத்து என்ன செய்தான்?" என்றும் கேளுங்கள். பிறகு ஒரு நோட்டை எடுத்து நீங்களே எழுதத் தொடங்குங்கள். அடுத்த ஆண்டு மலரில் உங்கள் கதையை எதிர்பார்க்கிறேன்.