முக்கோணத்துக்குள் பற்றரி இல்லை



741 சிப்பின் நயம் இரண்டு இலட்சம் என்று நோட்ஸில் இருக்க, வெளியீட்டில் ஸ்பீக்கரை நேரே கொழுவினால் நுளம்பு முனகுகிற அளவுக்குத்தானே கேட்கிறது என்று எழுதியிருந்தீர், தம்பி. சிப் பழுதில்லை. கடைக்காரரை ஏச வேண்டாம்.

குற்றம் அந்த முக்கோணத்தில். ரியூஷன் பலகையில் 741 போன்ற செயற்பாட்டு விரியலாக்கியை முக்கோணமாகக் கீறும்போது இரண்டு உள்ளீடு, ஒரு வெளியீடு, அவ்வளவுதான். 7ஆம் காலுக்கும் 4ஆம் காலுக்கும் வருகிற வழங்கலை ஒருவரும் கீறுவதில்லை. பார்க்கிற பிள்ளை, சத்தம் முக்கோணத்துக்குள்ளேயே விளைகிறதென்று நம்பாமல் என்ன செய்யும்? பரீட்சைக்குப் போதும் என்கிறார்கள். போதாது.

எங்களுக்கு இதைப் படிப்பித்தது சைக்கிள் டைனமோ. 1990க்குப் பிறகு, போர்க்காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் கறண்ட் இருக்கவில்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைப்பட்ட சாமான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ ஓட ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, மற்றவர்கள் றேடியோவைச் சுற்றிக் குந்தியிருந்து பிபிசி தமிழோசை கேட்போம். டைனமோ தருவது ஆடலோட்டம். நாலு டயோட்டும் ஒரு பெரிய கொள்ளளவியும் போட்டு நேராக்க வேண்டும். சுற்றுகிறவர் கை மாற்றுகிற கணத்தில் செய்தி அமிழ்ந்துபோகும், அதுவும் முக்கியமான இடமாகப் பார்த்து. 6 வோல்ற்று, 3 வாற்று என்று டைனமோவின் உடம்பிலேயே அடித்திருக்கும். டைனமோ சுற்றிய பிள்ளைக்கு வலு எங்கிருந்து வருகிறதென்று படிப்பிக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. மின்குமிழைக் கொழுவியதும் மிதி கனக்கும், கழற்றினால் இலேசாகும். விரியலாக்கி வலுவை உண்டாக்குவதில்லை, வழங்கலிலிருந்து எடுத்துச் சைகையின் வடிவத்தில் விடுகிறது. இதைக் கை அறிந்திருந்தது.

இனிக் கணக்குப் போடும். 741 எவ்வளவு நெருக்கினாலும் 25 மில்லி அம்பியர் அளவில் நின்றுவிடும். அது 8 ஓமில் 0.2 வோல்ற்று உச்சம், வலு 2.5 மில்லி வாற்று. நயம் இரண்டு இலட்சமென்ன, இரண்டு கோடியென்ன? ஓட்டம் இல்லை.

வழி இரண்டு. ஒன்று, 741க்குப் பின்னால் பிடி139, பிடி140 ரான்சிஸ்டர் சோடி. பின்னூட்டலை 741இன் காலிலிருந்து எடுக்காமல் ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து எடும். பொறியியலாளர் ஹரோல்ட் பிளாக் 1927இல் ஹட்சன் ஆற்றுப் படகில் வேலைக்குப் போகும்போது பத்திரிகைத் தாளில் கீறிய யோசனைதான் இந்த எதிர்ப் பின்னூட்டல். அந்தக் கதையை வாசித்தபின் படகில் பேப்பர் கொண்டுபோகாத நாளில்லை எனக்கு. நயினாதீவுப் பாதையில் ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் பின்னூட்டல் எல்லாவற்றையும் திருத்தாது. ஒரு ரான்சிஸ்டர் விட்டு மற்றது பிடிக்க 741இன் வெளியீடு ஏறக்குறைய 1.3 வோல்ற்று தாவ வேண்டும். அது மைக்ரோ செக்கனுக்கு 0.5 வோல்ற்றுக்கு மேல் ஓடாது. அந்தத் தாமதம்தான் உயர்ந்த சுரங்களில் கீறலாகக் கேட்கும். ரான்சிஸ்டர்களின் இரண்டு அடிகளுக்கிடையில் டயோட்டுகள் போட்டால் குறையும்.

இரண்டாவது வழி, 386 சிப். 6 வோல்ற்றில், 8 ஓமுக்கு 325 மில்லி வாற்று வரை தரும். முதலில் இதையே கட்டும். ஆனால் 741உம் 386உம் எட்டுக் கால், பார்வைக்கு ஒன்று. 741இல் 6ஆம் கால் வெளியீடு. 386இல் அதே கால் வழங்கல். பழைய பலகையில் மாற்றிச் செருகிவிடாதேயும்.

9 வோல்ற்றுக் கொடுத்து, ஸ்பீக்கரைக் கொழுவ முன் 386இன் 5ஆம் காலை மீற்றரால் பாரும். 4.5 அளவில் நிற்க வேண்டும். பூச்சியமோ ஒன்பதோ காட்டினால் பற்றரியைக் கழற்றிவிட்டு எனக்கு எழுதும். எழுதும்போது வழங்கலையும் கீறி அனுப்பும்.