விதைத் திருவிழாவில் வாங்கிய நெல்

திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006-ஆம் ஆண்டு நெல் திருவிழா தொடங்கப்பட்டது. பாரம்பரிய நெல் விதை 2 கிலோ பெறும் விவசாயி, மறு ஆண்டில் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. இவ்வாறு கைமாறும் விதையில் கலப்பு நேர்ந்தால், அது பல வயல்களுக்கும் பரவி, நாளடைவில் இரகமே கெட்டுவிடும். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் அவசியம்.

விதைக்குமுன் 100 நெல்மணிகளை ஈரத்துணியில் சுருட்டி வைத்து, முளைப்பை எண்ணிப் பார்க்கவும். குறைந்தது 80 மணிகளாவது முளைக்க வேண்டும். முட்டை மிதக்குமளவு உப்புக் கரைத்த நீரில் விதையைக் கொட்டி, மிதக்கும் பதரை அகற்றி, மூழ்கிய விதையை நல்ல நீரில் இரண்டு, மூன்று முறை கழுவவும்.

பிற இரக வயலிலிருந்து 3 மீட்டர் இடைவெளி விடவும். ஒற்றை நாற்றாக நட்டால் கலவன்கள் எளிதில் தெரியும். பூக்கும் தருணத்திலும் அறுவடைக்கு முன்னரும் உயரம், கதிர், மணியின் நிறம் ஆகியவற்றில் மாறுபட்ட பயிர்களை வேருடன் களையவும்.

களத்தைச் சுத்தமாகப் பெருக்கிய பின்னரே கதிரடிக்கவும். முன்பு அடித்த நெல் சிறிது கிடந்தாலும் பாடுபட்டது வீணாகும். விதையை 13 சத ஈரப்பதத்திற்கு உலர்த்திச் சேமிக்கவும். மாப்பிள்ளைச் சம்பா என்று எழுதிய பையில் மாப்பிள்ளைச் சம்பா மட்டுமே இருக்க வேண்டும்.