ஆட்டம் மாறியது

நுழையுமுன்

நேரில் பழகாத மனிதர்கள் பலரை நாம் திரையின் வழியாகவே அறிகிறோம். திரை காட்டுவது சரியாயின் புரிதல் வளரும். தவறாயின் தப்பெண்ணம் வளரும். ஆட்டிசம் உடைய குழந்தைகளைத் தொலைக்காட்சி எவ்வாறு காட்டுகிறது? இப்பாடத்தில் காண்போம்.

பாடம்

ஆட்டிசம் தொற்றுநோய் அன்று. மூளை வளரும் முறையில் இளமையிலேயே அமையும் வேறுபாடு. அதனை உடையோர் எல்லாரும் ஒரே தன்மையினர் அல்லர். சிலர் சரளமாகப் பேசுவர். சிலர் படங்களைச் சுட்டித் தம் கருத்தை உணர்த்துவர். சிலருக்குப் பேரொலி தாங்கவியலாத துன்பம் தரும்.

கதைகள் பலவற்றில் இவர்கள் இரண்டு வகையாகவே வந்தனர்: ஒன்று, பிறர் இரங்கத்தக்க பிள்ளை, மற்றொன்று, பெரிய எண்களை நொடியில் பெருக்கும் மேதை. விளையாட்டும் விருப்பமும் கோபமும் உடைய இயல்பான குழந்தையை அக்கதைகளில் காண்பது அரிது.

2009ஆம் ஆண்டு ஜீ தொலைக்காட்சியில் ‘ஆப் கீ அந்தரா’ என்னும் இந்தித் தொடர் ஒளிபரப்பாயிற்று. ஆட்டிசம் உடைய சிறுமி அந்தராவே அதன் நாயகி. அது பெரியோர் காணும் குடும்பத் தொடர். குழந்தைகளுக்கான நிகழ்ச்சியோ மற்றொரு வினாவுக்கும் விடை கூறவேண்டும்: இவளோடு எவ்வாறு விளையாடுவது?

அவ்விடையை ‘செசமி ஸ்ட்ரீட்’ என்னும் அமெரிக்க நிகழ்ச்சி தந்தது. நம் நாட்டின் ‘கலி கலி சிம் சிம்’ அதன் இந்திய வடிவமே. 2017 ஏப்ரலில் ஜூலியா என்னும் நான்கு வயதுப் பொம்மைச் சிறுமி செசமி ஸ்ட்ரீட்டில் தோன்றினாள். பிக் பேர்ட் என்னும் மஞ்சள் பறவை அவளை நலம் விசாரித்தது. ஓவியத்தில் ஆழ்ந்திருந்த ஜூலியா விடை கூறவில்லை. ‘என்னை இவளுக்குப் பிடிக்கவில்லை போலும்’ என்று பறவை வருந்தியது. மறுமொழி கூற அவளுக்குச் சற்று நேரம் வேண்டும் என நண்பர்கள் விளக்கினர். பின்னர் ஓடிப்பிடித்து ஆடுகையில் ஜூலியா மகிழ்ச்சியால் துள்ளித் துள்ளிக் குதித்தாள். நண்பர்களும் அவ்வாறே குதித்து ஆடினர். புதியதோர் ஆட்டம் பிறந்தது!

இங்கு ஜூலியாவை யாரும் மாற்ற முயலவில்லை; ஆட்டமே மாறியது. அவளை இயக்கிய பொம்மலாட்டக் கலைஞர் ஸ்டேசி கார்டனின் மகனும் ஆட்டிசம் உடையவர். ஆதலால் அவ்வியல்புகளை அவர் நன்கு அறிந்திருந்தார்.

2022இல் ‘தாமஸ் அண்ட் ஃபிரண்ட்ஸ்’ தொடரில் புரூனோ என்னும் ரயில் பெட்டி அறிமுகமாயிற்று. கால அட்டவணையும் தண்டவாளங்களின் போக்கும் அவனுக்கு மனப்பாடம். லோக்கல் ரயில்களின் நேரத்தை மனப்பாடமாகக் கூறும் நண்பர் மாட்டுங்காவிலும் இருக்கலாம் அல்லவா? பிரிட்டனில் புரூனோவுக்குக் குரல் தந்தவன் ஆட்டிசம் உடைய சிறுவன். தம்மைப் பற்றிய கதையில் தாமே பேசுவது எத்துணைச் சிறப்பு!

ஆயினும் ஒரு ஜூலியாவோ ஒரு புரூனோவோ அனைவரையும் குறிக்க இயலாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம் உடையோரையும் உள்ளடக்கியது. மற்றவரோடு சேர்ந்து கற்கும் உரிமை அவர்க்கும் உண்டு. தாராவிச் சந்திலோ செம்பூர்க் குடியிருப்பிலோ நீங்கள் அழைத்தும் திரும்பாத ஒரு குழந்தையைக் கண்டால், செருக்கு என எண்ணி விலகாதீர்கள். சற்றுப் பொறுத்திருங்கள், அருகில் அமருங்கள், வேண்டுமாயின் ஆட்டத்தின் விதியை மாற்றுங்கள்.

அருஞ்சொற்பொருள்

தப்பெண்ணம் – தவறான கருத்து
மறுமொழி – பதில்
செருக்கு – கர்வம்

வினாக்கள்

1. கதைகளில் ஆட்டிசம் உடையோர் எவ்விரு வகையாகக் காட்டப்பட்டனர்?
2. பிக் பேர்ட் வருந்தியது ஏன்?
3. ‘ஆட்டமே மாறியது’ – விளக்குக.

செயல்பாடு

நீங்கள் ஆடும் ஆட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பேரொலியை விரும்பாத நண்பர் ஒருவரும் சேர்ந்து ஆடும் வகையில் அதன் விதிகளை மாற்றி ஐந்து தொடர்களில் எழுதுங்கள்.