பாலாற்றின் நீர்மட்டமும் சங்கத்தின் பட்டுவாடா நாளும்

பாலாற்றங்கரையில் பிறந்து வளர்ந்த அங்கத்தினர்களுக்கு ஆற்றைப் பற்றிப் பாடம் சொல்ல முன்வருவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத் தோன்றலாம். ஆயினும் நாம் துணிவதற்கு ஒரு காரணம் உண்டு. காவிரிக் கரையில் உள்ளவர் ஆண்டுதோறும் ஆற்றைப் பார்த்து அதன் குணத்தை அறிகின்றனர். நமக்கோ பாலாறு வருஷத்தின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. சில வருஷங்களில் ஐப்பசி, கார்த்திகையிலும் அதில் நீர் ஓடுவதில்லை. எனவே அதை நாம் ஆறு என்று எண்ணாமல் பாதை என்று எண்ணிப் பழகிவிட்டோம். எப்போதோ வரும் விருந்தாளியின் முகம் மறந்துபோவது இயல்பே.

ஆனால் அவ்விருந்தாளி வரும்போது எப்படி வருகிறான் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 1903ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பாலாறு பெருகி வாணியம்பாடியில் ஏறக்குறைய 200 பேரைக் கொண்டுபோயிற்று. அதன்பின் 2021ஆம் ஆண்டு நவம்பரில் வாலாஜா அருகேயுள்ள பாலாறு அணைக்கட்டைத் தாண்டி வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் நீர் பாய்ந்தது. ஒரு கன அடி நீரின் எடை ஏறக்குறைய 28 கிலோ. அப்படியானால் ஒவ்வொரு வினாடியும் 2,800 டன் நீர் நம் ஊர் நோக்கி வந்தது என்று பொருள்.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது? பாலாறு கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கம் தோன்றி, ஆந்திரத்தில் சிறிது தூரம் ஓடி, பின்னர் நம் மாநிலத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக வருகிறது. மொத்தம் 348 கிலோமீட்டரில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் உள்ளது. வாலாஜாவுக்கு மேற்கே சித்தூர்ச் சீமையிலிருந்து வரும் பொன்னையாறு இதனுடன் கலக்கிறது. காஞ்சிபுரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே ஓரிக்கைப் பாலத்தின் கீழ் வெள்ளம் ஓடுவதற்கு இதுவே காரணம். நம் தலைக்கு மேல் உள்ள மேகத்தைப் பார்த்து ஆற்றை மதிப்பிடுவது ஏமாற்றமளிக்கும். சித்தூரில் பெய்த மழையையே கேட்டறிய வேண்டும். திருமுக்கூடலுக்குக் கிழக்கே உள்ளவர்கள் இன்னும் ஒன்றையும் கேட்க வேண்டும். அங்கே ஜவ்வாது மலையிலிருந்து வரும் செய்யாறும், நம் ஊர் வேகவதியும் பாலாற்றுடன் சேர்கின்றன.

வாலாஜா அணைக்கட்டு மேட்டூரைப் போல நீரைத் தேக்கி வைப்பதன்று. ஏரிக் கால்வாய்களுக்கு நீரைத் திருப்பிவிடுவதே அதன் வேலை. கால்வாய்கள் கொள்ளாத நீர் அனைத்தும் அதன்மேல் வழிந்து நம்மிடம் வருகிறது. அங்கிருந்து காஞ்சிபுரத்திற்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வெள்ளம் மணிக்கு ஐந்து முதல் எட்டு கிலோமீட்டர் வேகத்தில் நகருமானால், ஐந்து மணி முதல் எட்டு மணி நேரம் நமக்குக் கிடைக்கிறது. முதல் நீரைக் காய்ந்த மணல் உறிஞ்சுவதால் தாமதம் கூடலாம்; ஆறு ஏற்கெனவே நனைந்திருந்தால் அத்தாமதம் இராது. இரண்டாம் வெள்ளம் முதல் வெள்ளத்தைவிட விரைந்து வருவதன் காரணம் இதுவே.

இனி அளக்கும் முறையைக் கூறுவோம். ஆற்றில் நீர் ஓடும்போது இறங்கி அளப்பது மடமை. பாலாறு நமக்குச் செய்திருக்கும் ஒரு பேருதவி, சித்திரை, வைகாசியில் அது தன் அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு கிடப்பதுதான். அப்போது கரையோரத்தில் அடிக்கணக்கு வரைந்த ஒரு கல்லை உறுதியாக நட்டு, அதன் சுழி அடையாளத்தின் மட்டத்திற்கு ஆற்றின் குறுக்கே கயிறு பிடித்து, இருபது அடிக்கு ஓரிடமாக மணலின் ஆழத்தைக் குறித்துக்கொள்ளலாம். பாலத் தூணில் ஏற்கெனவே அளவு எழுதியிருந்தால் கல்லும் வேண்டுவதில்லை. பின்பு மழைக்காலத்தில் கரையில் நின்றபடியே கல்லைப் படித்து ஆழத்தைக் கணக்கிடலாம். ஆனால் ஒவ்வொரு வெள்ளமும் மணலைப் புரட்டிப்போடுவதால், சென்ற வருஷத்துக் குறிப்பை இவ்வருஷம் நம்பலாகாது.

வேகத்தை அறிய உரிக்காத தேங்காய் ஒன்று போதும். அது பாதி மூழ்கி மிதப்பதால் காற்று அதை எளிதில் தள்ளாது. கரையில் நூறு அடி இடைவெளியில் இரு கம்புகளை நட்டு, மேல் கம்புக்கு நேரே தேங்காயை எறிந்து, கீழ்க் கம்பை அடைய எத்தனை வினாடி என்று பார்க்க வேண்டும். 25 வினாடியானால் வேகம் வினாடிக்கு நான்கு அடி. மேற்பரப்பில் ஓடும் வேகம் அடியில் இராது, ஆதலால் 0.85ஆல் பெருக்கினால் 3.4 அடி. ஆற்றின் அகலம் 200 அடி, சராசரி ஆழம் இரண்டு அடி எனில் பரப்பு 400 சதுர அடி. இதை 3.4ஆல் பெருக்க, வினாடிக்கு 1,360 கன அடி. நெசவுக் கூலி கணக்கிடுவதைவிட இது கடினமன்று.

எனினும் கன அடியைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நீர்மட்டம் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறிற்று என்பதே அது. இரண்டு அடியில் நிற்கும் ஆறு நமக்கு அவகாசம் தரும். ஓரடியில் இருந்து மணிக்கு அரையடி ஏறும் ஆறு தராது. ஆகையால் தேதி, மணி, அளவு என்ற மூன்று பத்திகளுள்ள ஒரு பதிவேடு வேண்டும்.

இதைச் சங்கம் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். ஒரு கார்த்திகையில் ஆற்றோரத்துச் சங்கம் ஒன்றுக்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தோம். தரைப்பாலத்தின்மேல் முழங்காலளவு நீர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையிலிருந்து ஒரு நெசவாளர், முடித்த சேலையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றித் தலையில் கட்டிக்கொண்டு, கம்பை ஊன்றி ஊன்றி வந்து சேர்ந்தார். "ஏன் பெரியவரே, நாளைக்கு வரக்கூடாதா?" என்றோம். "இன்னைக்குத்தானே பட்டுவாடா நாள், சார்? விட்டா அடுத்த வாரம்தான்" என்றார். கூலிப் புத்தகத்தில் அன்று அவர் கையெழுத்து முறையாக இருந்தது. தணிக்கையில் நாம் குறை ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்று பின்னர் பலமுறை எண்ணியதுண்டு.

முழங்காலளவு நீர் சிறிதன்று. விரைந்தோடும் நீர் அரையடி ஆழமிருந்தாலே ஆளின் காலை வாரிவிடும். ஓரடி நீர் சிறு காரை நகர்த்தும். இரண்டடி நீர் பெரும்பாலான வண்டிகளை மிதக்கச் செய்யும். வேகம் இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. கலங்கல் நீரில் தரைப்பாலத்தின் விளிம்பும் தெரியாது, நடுவே அரித்துப்போன பள்ளமும் தெரியாது. பால் சங்கத்து அங்கத்தினரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. காலை குறித்த நேரத்திற்குள் கேனைச் சேர்க்காவிட்டால் பால் திரும்பி வரும். ஆகவே இருட்டிலேயே ஆற்றில் இறங்குகிறார். இவர்களை ஆற்றில் இறக்குவது துணிச்சலன்று, நமது கால அட்டவணை. அதை எழுதியவர்கள் நாமாதலால் மாற்றுவதும் நம் கையிலேயே உள்ளது.

வேகவதியைப் பற்றி ஒரு வார்த்தை. சரஸ்வதி தேவி ஆறாகப் பெருகி வந்தபோது பெருமாள் குறுக்கே பள்ளிகொண்டு தடுத்தார் என்பது நம் யதோத்தகாரி சந்நிதியின் தலவரலாறு. இன்று அதன் குறுக்கே படுத்திருப்பவை வீடுகளும் குப்பையும். கரையோரத் தெருக்களில் வெள்ளம் வாசல் வழியாக வருமுன் தறிக்குழியில் ஊறி வரும். குழியில் ஈரம் கசியத் தொடங்கினால் அதை முதல் எச்சரிக்கையாகக் கொண்டு, கோராவையும் ஜரிகையையும் பரணில் ஏற்றிவிட வேண்டும். மின்சார மெயினையும் அணைக்க வேண்டும். பாவைக் காக்கிறேன் என்று நீர் நிறைந்த குழிக்குள் கால் வைக்கலாகாது.

வெள்ளம் வடிந்தபின் வரும் அபாயத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. மணல் அள்ளிய பள்ளங்களில் நீர் தேங்கி, மேலே அமைதியாகக் காணப்படும். இரண்டு அடி வைத்தால் இடுப்பளவு, மூன்றாம் அடியில் ஆளையே மூழ்கடிக்கும் ஆழம். மாட்டுப் பொங்கலன்று வரதர் பழையசீவரத்திற்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளும்போது குழந்தைகளுடன் ஆற்றில் இறங்குவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். அங்குள்ள தடுப்பணையில் நீர் வழியும்போது அதன் அடிவாரத்தில் குளித்தல் கூடவே கூடாது. விழும் நீர் திரும்பிச் சுழன்று, நன்கு நீந்துபவனையும் அணையின் பக்கமே இழுத்து அமுக்கும்.

ஒருவர் அடித்துச் செல்லப்பட்டால், நீந்தத் தெரியாதவர் பின்னால் குதித்தால் இரண்டு உயிர் போகும். நீண்ட கம்பு, கயிறு, முறுக்கிய வேட்டி, வாய் இறுக மூடிய காலிக் குடம், எது கிடைத்தாலும் கரையிலிருந்தே எறிய வேண்டும். அகப்பட்டவர் ஓட்டத்தை எதிர்த்து நீந்தாமல், மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி, சாய்வாகக் கரையை நோக்கி ஒதுங்க வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண் 1077. மாநில அறைக்கு 1070. சங்கச் சுவரில் இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.

புரட்டாசி மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தில், ஆற்றோரச் சங்கங்கள் மூன்று தீர்மானங்களை நிறைவேற்றலாம் என்பது நம் யோசனை. தரைப்பாலத்தின்மேல் நீர் ஏறிய நாளில் பட்டுவாடாவும் பால் கொள்முதலும் அக்கரையிலேயே ஒரு பொது இடத்தில் நடைபெறும். அது இயலாதாயின் நாள் தள்ளிவைக்கப்படும். தாமதத்திற்காக ஒருவர் கூலியிலும் ஒரு பைசா பிடிக்கப்படமாட்டாது. நீர்மட்டப் பதிவேட்டைக் காரியதரிசி ஐப்பசி முதல் மார்கழி வரை நாள்தோறும் எழுதி வருவார். அடுத்த தணிக்கையில் ரொக்கப் புத்தகத்துடன் அப்பதிவேட்டையும் நாம் கேட்போம்.