மீண்டும் மீண்டும் வரும் நிமோனியா

மூக்கின் வழியே செல்லும் காற்று, மூச்சுக்குழலைக் கடந்து நுரையீரலை அடைகிறது. அங்கே கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. கிருமிகள் தாக்கும்போது அவற்றில் நீரும் சீழும் நிறைகின்றன. இதுவே நிமோனியா. காய்ச்சல், இருமல், விரைவான மூச்சு ஆகியன இதன் அறிகுறிகள்.

உரிய மருத்துவத்தால் பெரும்பாலான குழந்தைகள் முழுமையாகக் குணமடைகின்றனர். சில குழந்தைகளுக்கோ ஓராண்டில் 2 முறையோ அதற்கு மேலோ இந்நோய் வருகிறது. அப்போது மருத்துவர் காய்ச்சலைத் தணிப்பதோடு நின்றுவிடுவதில்லை. பழைய ஊடுகதிர்ப் படங்களோடு புதியதை ஒப்பிட்டு, நோய் ஒரே இடத்தில் வருகிறதா, வெவ்வேறு இடங்களில் வருகிறதா என்று ஆராய்கிறார்.

ஒரே இடத்தில் வருமாயின், அவ்விடத்து மூச்சுக்குழாயில் தடை ஏதேனும் இருக்கலாம். சிறு குழந்தை ஓடிக்கொண்டே நிலக்கடலையைத் தின்றால், பருப்பு புரையேறி மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடக்கூடும். வலப்பக்கக் குழாய் அகன்றும் நேராகவும் இருப்பதால், பெரும்பாலும் அங்கேயே அது தங்குகிறது. சற்று நேரத்தில் இருமல் அடங்கிவிடும், வீட்டாரும் மறந்துவிடுவர். ஆனால், அடைபட்ட பகுதியில் சளி தேங்கிக் கிருமிகள் பெருகும். மருந்தால் நோய் தணியும். பருப்பு அகலாததால் மீண்டும் வரும். ஊடுகதிர்ப் படத்தில் நிலக்கடலை தெரிவதில்லை. ஆகவே, "முன்பு எப்போதேனும் புரையேறியதா?" என்று மருத்துவர் வினவுகிறார். அதனை நேரில் கண்ட அண்ணனோ அக்காளோ கூறும் ஒரு சொல், நோயின் காரணத்தைக் காட்டிவிடும். பின்னர், உள்நோக்கிக் கருவியால் பருப்பு அகற்றப்படும்.

வெவ்வேறு இடங்களில் வருமாயின், காரணமும் வேறாகும். அடிக்கடி பால் புரையேறுதல், ஆஸ்துமா, பிறவியிலேயே இதயத்தில் அமைந்த துளை, நோய் எதிர்ப்பாற்றல் குறைவு ஆகியன அவற்றுள் சில. ஊட்டச்சத்துக் குறைவும் விறகடுப்புப் புகையும் புகையிலைப் புகையும் இந்நோய்க்கு வழிவகுக்கின்றன.

முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே ஊட்டுதல், கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல், உரிய காலத்தில் தடுப்பூசி இடுதல் ஆகியன குழந்தைகளைக் காக்கும். நிமோகாக்கல் தடுப்பூசி 2017 இல் இந்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2021 இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 5 வயதுக்கு உட்பட்டோருக்கு முழு நிலக்கடலை கொடுத்தல் ஆகாது. புரையேறியதைக் கண்டவர், அஞ்சி மறைக்காமல் உடனே பெரியவர்களிடம் கூற வேண்டும்.

சொற்பொருள்
நுண்ணறை – மிகச் சிறிய அறை
ஊடுகதிர்ப் படம் – எக்ஸ்ரே படம்
புரையேறுதல் – உணவோ நீரோ தவறி மூச்சுக்குழாய்க்குள் செல்லுதல்
வினவுதல் – கேட்டல்

வினாக்கள்
1. நிமோனியாவின் அறிகுறிகள் யாவை?
2. மருத்துவர் பழைய ஊடுகதிர்ப் படங்களையும் பார்ப்பது ஏன்?
3. தம்பிக்குக் கடலை புரையேறியதை நீ மட்டும் கண்டாய். என்ன செய்வாய்? ஐந்து தொடர்களில் எழுதுக.