ஏரிக்கரை அரங்குக்குப் போகும்போது

மிசிசாகாவிலிருந்து டொரொன்டோ ஹார்பர்ஃபிரண்ட் சென்டருக்கு ரயிலே வசதி. போர்ட் கிரெடிட்டில் கோ ரயில் ஏறி, யூனியனில் இறங்கி, 509 அல்லது 510 ஸ்ட்ரீட்கார் பிடிக்கலாம். இரண்டிலும் ஒரே பிரெஸ்டோ அட்டையைத் தட்டினால், 2024 முதல் ஸ்ட்ரீட்காருக்குத் தனிக் கட்டணம் இல்லை.

உயரமான புகைபோக்கியுடன் நிற்கும் செங்கல் கட்டடம்தான் பவர் பிளான்ட் கலைக்கூடம். பக்கத்துக் கிடங்குக்குச் சூடும் குளிரும் தர 1926இல் எழுந்த இந்த ஆலை, 1987இல் கலைக்கூடமானது. அனுமதி இலவசம், மாலை நாடகத்துக்கு வருவோர் அது மூடுமுன் வந்து பார்த்துவிடுவது நல்லது.

அரங்குகள் ஒரே கட்டடத்தில் இல்லை. ஃபிளெக் நடன அரங்கு அந்தப் பழைய கிடங்கின் மூன்றாம் தளத்தில் இருக்கிறது. டிக்கெட்டில் அரங்கின் பெயரை முன்கூட்டியே பார்த்துக்கொண்டால் கடைசி நேர ஓட்டம் மிச்சம். கோடை இரவிலும் ஏரிக்காற்று சில்லிடும். குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் அவசியம்.