சளிக்குச் சுக்கு

பெங்களூரு, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் வானம் நாள் முழுதும் மூடிக்கிடக்கும். மாலையில் தூறல் விழும். வகுப்பறைகளில் தும்மலும் இருமலும் கேட்கும். அந்நாளில் கன்னடம் பேசும் மாணவன் ‘சளி’ என்று சொன்னால், குளிர் அடிக்கிறது என்று பொருள். தமிழ் பேசும் மாணவன் அதே சொல்லைச் சொன்னால், மூக்கிலும் நெஞ்சிலும் கோழை சேர்ந்துள்ளது என்று பொருள். உடன்பிறந்த மொழிகள் இரண்டில் ஒன்று காலநிலைக்கும் மற்றொன்று நோய்க்கும் அச்சொல்லை வைத்துக்கொண்டன. ஆங்கிலத்திலும் இந்நோயின் பெயர் குளிர்தான்.

குளிரையும் காய்ச்சலையும் இணைத்துப் பார்த்தவர்களுள் சீன மருத்துவர் சாங் சோங்சிங் குறிப்பிடத்தக்கவர். அவர் சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவருடைய சுற்றத்தார் இருநூற்றுக்கும் மேற்பட்டோர். பத்து ஆண்டுகளுக்குள் அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மாண்டனர். அவருள் பெரும்பாலோரைக் கொன்றது காய்ச்சலே. அத்துயரமே தம்மை நூல் எழுதத் தூண்டியது என்று அவர் தம் முன்னுரையில் கூறுகிறார். குளிரால் நேரும் நோய்களைப் பற்றியது அந்நூல். அதில் சொல்லப்படும் ஒரு கஷாயத்தில் இலவங்கப்பட்டை வகை ஒன்றும், இஞ்சியும், அதிமதுரமும் சேர்கின்றன. கஷாயத்தைக் குடித்தபின் சூடான அரிசிக்கஞ்சியைப் பருகி, போர்த்திக்கொண்டு படுத்து, மெல்ல வியர்க்கச் செய்ய வேண்டும் என்பது அவர் கூறும் முறை. தமிழ்நாட்டுப் பாட்டிமார் யாரும் அந்நூலைப் படித்ததில்லை. ஆயினும் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு அவர்கள் கொடுப்பதும் கஞ்சிதான்.

சித்த மருத்துவம் உடலின் இயக்கத்தை வாதம், பித்தம், கபம் என மூன்றாகப் பகுக்கிறது. கபம் மிகும்போது சளி தோன்றும் என்பது அதன் கொள்கை. தலையில் நீர் சேர்ந்து கனத்துக் கிடக்கும் நிலைக்கு ‘நீர்க்கோவை’ என்று பெயர். கோவை என்றால் கோக்கப்பட்டது, ஒன்றாகச் சேர்ந்தது என்று பொருள். நோயாளி உணர்வதையே பெயராக்கிய சொல் இது. நீர்க்கோவை மாத்திரையை விழுங்குவதில்லை. இழைத்து நெற்றியில் பற்றுப் போடுவர்.

கபத்தைக் குறைக்கும் மருந்துகளுள் புகழ்பெற்றது திரிகடுகம். சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்று காரப்பொருள்களின் தொகுதி அது. இம்மருந்தின் பெயரையே நல்லாதனார் தம் நூலுக்கு இட்டார். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய அதில், ஒவ்வொரு பாடலும் மூன்று கருத்துகளைக் கூறும். மருந்துக்கடைச் சரக்கு இலக்கியத்தின் பெயராகும் அளவுக்கு, அக்காலத்து மக்கள் இம்மூன்றையும் நன்கு அறிந்திருந்தனர்.

ஆவி பிடிப்பதற்குப் பழைய பெயர் ‘வேது’. கொதிக்கும் நீரில் நொச்சி இலையைப் போட்டு, எழும் ஆவியை முகத்தில் ஏற்பர். நொச்சிக்கு இலக்கியத்திலும் இடம் உண்டு: மதிலைக் காத்து நின்ற வீரர்கள் சூடியது நொச்சிப் பூ. வேது பிடிக்கும்போது கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து சிறுவர்கள் வெந்துபோவது உண்டு. எனவே பெரியவர் அருகில் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது.

சளியைத் தோற்றுவிப்பது குளிர் அன்று. வைரஸ்கள் என்பதை இன்றைய அறிவியல் காட்டியுள்ளது. சாதாரணச் சளி பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள்களில் தானே நீங்கும். சுக்குக் கஷாயம் தொண்டைக்கு இதம் தரும். வைரஸைக் கொல்லும் என்று சொல்வதற்கில்லை. இன்ஃபுளுவென்சா எனப்படும் கடுங்காய்ச்சல் வேறு வகை. 1918ஆம் ஆண்டு பரவிய அக்காய்ச்சலால் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கஷாயம் அறியாத நாடா இது? 2020இல் கொரோனா பரவியபோது, பதினைந்து சரக்குகள் சேர்ந்த கபசுரக் குடிநீர் தமிழ்நாட்டில் பெருமளவில் வழங்கப்பட்டது. பலர் நம்பிக்கையோடு குடித்தனர். ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்று ஆகாது. மூச்சுத் திணறல், மூன்று நாள் தாண்டியும் தணியாத காய்ச்சல், மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அடுப்பங்கரையை விட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தக் கஷாயத்திலும் தேன் கலக்கக்கூடாது.

மூலிகையில் பயன் இல்லை என்று இதற்குப் பொருள் அன்று. ஆடாதொடை இலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டே, கோழையை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து உருவாக்கப்பட்டது. இன்ஃபுளுவென்சாவுக்குக் கொடுக்கப்படும் ஒசெல்டாமிவிர் மாத்திரையைச் செய்யத் தேவையான ஷிகிமிக் அமிலம், சீனத்தில் விளையும் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கப்பட்டது. ஆயினும் பிரியாணியில் அன்னாசிப்பூவைக் கூடுதலாகப் போட்டால் காய்ச்சல் தீராது. அந்த அமிலம் ஆய்வுக்கூடத்தில் பல படிகளைக் கடந்த பின்னரே மருந்தாகிறது.

ஒரு செடியை அறிவது அதன் பெயரிலிருந்து தொடங்குகிறது. பெங்களூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் “கற்பூரவள்ளி இலையைப் பறித்துச் சாறு கொடு” என்பார். இங்குள்ள நாற்றங்காலில் அப்பெயரைச் சொன்னால் பலருக்கும் விளங்காது. ‘தொட்டபத்ரே’ என்று கேட்க வேண்டும். கன்னடத்தில் ‘தொட்ட’ என்றால் பெரிய என்று பொருள். நொச்சி இங்கே ‘லக்கி’ ஆகிறது. நிலவேம்பு மட்டும் நெருங்கிய உறவாக ‘நெலபேவு’ என்று நிற்கிறது. தமிழின் வகரம் கன்னடத்தில் பல சொற்களில் பகரமாக ஒலிக்கும்: வேர் ‘பேரு’ ஆகும், வேம்பு ‘பேவு’ ஆகும். தமிழின் முதலெழுத்துப் பகரமோ ஹகரமாகும்: பால் ‘ஹாலு’, புலி ‘ஹுலி’. வடமொழிப் பிப்பலி தமிழில் திப்பிலியாகவும் கன்னடத்தில் ‘ஹிப்பலி’யாகவும் வழங்குவதை இவ்விதியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பயிற்சி: வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் மாடித் தொட்டியிலும் உள்ள ஐந்து பொருள்களின் தமிழ்ப் பெயரை எழுதுக. அவற்றின் கன்னடப் பெயரை அண்டை வீட்டாரிடம் கேட்டு எதிரே எழுதுக. எவற்றில் ஒலி மட்டும் மாறியுள்ளது, எவற்றில் சொல்லே வேறு என்று பிரித்துக் காட்டுக.